துக்கத்துக்கு டீ சொல்லியாச்சா

"அதைப் பூதம்னு கூப்பிடாதீங்க," என்றார் டைரக்டர். "அது துக்கம்."

"சரி சார்," என்றார் லைட்மேன். "துக்கத்துக்கு டீ சொல்லியாச்சா?"

டைரக்டர் முறைத்தார். முறைத்து என்ன, டீ கொடுக்கத்தானே வேண்டும். ஏழடி உயரமும் முதுகு நிறைய முள்ளுமாக இருந்த அந்தத் துக்கம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் அக்காதான் அதன் மூக்கு ஓட்டை வழியாக ஒரு ஸ்ட்ராவைச் செருகி, ஆற்றிய டீயை வாகாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் சர்ரென்று உறிஞ்சிக் குடித்தது. உள்ளே இருந்தவர் அவளுடைய அப்பா.

அக்கா என்றால் யூனிட் முழுவதற்கும் அக்கா. டைரக்டருக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. பிழைப்புக்குக் கார் சீட் தைக்கிறவள். ஃபோம், ரெக்ஸின், ரப்பர் பசை எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் தம்பி கடைக்கு வந்து, தன் முதல் படத்துக்குப் பூதம் ஒன்று தைத்துத் தர வேண்டும் என்றபோது, "ரெண்டு கதவா, நாலு கதவா?" என்று கேட்டாள்.

"விளையாடாதேக்கா. இது நம்ம வீட்டுக் கதை."

சிரிப்பு அத்தோடு நின்றது. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே கதைதான். அவளுக்கு அடுத்துப் பிறந்த பெரியவன், டைரக்டரான இந்தச் சின்னவனுக்கு அண்ணன், ஒரு மாதம் படுக்கையில் கிடந்து செத்துப்போனான். இரண்டு வருஷம் ஆகிறது. வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள் அழுதுகொண்டிருந்த அன்றைக்கு அப்பா எங்கே இருந்தார் என்று கேளுங்கள். பாத்ரூமில். கையில் ஸ்பேனர். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சின்னவன் போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டு ஊரே கேட்கிற மாதிரி கத்தினான். "அண்ணன் உள்ளே கிடக்கான், நீங்க குழாயை முடுக்கிட்டு இருக்கீங்க! அந்தக் குழாயை விடுங்கப்பா! உங்களுக்கு அழவே தெரியாதா?"

அப்பா இன்னும் ஒரு சுற்று முடுக்கி, சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றும் அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. "அவரைச் சாப்பிட வரச் சொல்லுக்கா" என்று இவன் சொல்வான். "லைட்டை அணைச்சிட்டுப் படுக்கச் சொல்லும்மா அவனை" என்று அவர் சொல்வார். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நடுவில் இவள் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு முறை, ஒரே ஒரு முறை இந்த இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த வீட்டில் வேறு ஆசை கிடையாது.

தம்பிக்கு அந்த ஆசை இல்லை. அவன் படம் எடுக்கிறான். மனம்விட்டுப் பேசினால் பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்தை இரண்டு மணி நேரப் பேய்ப்படமாக எடுக்கிறவர்களைத்தானே உலகம் கலைஞன் என்கிறது! கதை இதுதான். ஒரு வீட்டில் மூத்த பிள்ளை செத்துப்போகிறான். அப்பன்காரன் அழுவதில்லை. அழாத அழுகை எல்லாம் சேர்ந்து பாத்ரூமிலிருந்து ஒரு பூதமாகக் கிளம்புகிறது. முதலில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும், பிறகு பூதம் வரும். கடைசியில் இளைய மகன் அதை அடித்து வீழ்த்துவான்.

"பூதம் வெளியே இல்லை சார், நமக்கு உள்ளே இருக்கு," என்று தயாரிப்பாளரிடம் உருகினான் தம்பி.

"உள்ளேயா? அப்ப கிராஃபிக்ஸ் வேண்டாம்," என்று நிம்மதியானார் அவர்.

படப்பிடிப்பு அவர்கள் வீட்டிலேயே. உண்மை வேண்டுமாம். "செத்தவனை வெச்சு சினிமாவா? நல்லா எடுங்க," என்று சொல்லிவிட்டு அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கினார்கள். பெரியவனின் கட்டிலும் மேஜையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின்மேல் கலை இயக்குநர் புதுத் தூசியை ஊதிவிட்டார். இருந்த பழைய தூசி கேமராவில் தெரியவில்லை என்று காரணம் சொன்னார்.

அப்பா எப்படிப் பூதத்துக்குள் போனார் என்பது தனிக் கூத்து. வேஷம் போட வேண்டியவர் ஒரு ஸ்டண்ட்காரர். அளவெடுக்க வரச் சொன்னால் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று போக்குக் காட்டினார். தேதியோ நெருங்குகிறது. அக்கா பார்த்தாள். ஆளும் உயரம், வீட்டில் அப்பாவும் உயரம். அப்பாவை நிற்க வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சும்மா நில் என்றால் சும்மா நிற்பார். கையை விரித்துக்கொண்டு பொழுதெல்லாம் நின்றார். பூதத்துக்கு லேசாகத் தொப்பை வந்தது அப்படித்தான். அந்தத் தொப்பை நுகர்வுச் சமூகத்தின் பெரும்பசியைக் குறிக்கிறது என்று பின்னால் ஒரு விமர்சகர் எழுதினார். ஐயா, அது ஆயுசெல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டண்ட்காரர் ஒருவழியாக வந்தார். உயரம் சரி, தோள்தான் இரண்டு ஆள் அகலம். ஜிப் பாதியில் பிய்ந்தது. உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அவர் அலறிய அலறலைப் பதிவு செய்திருந்தால் படத்துக்கு வேறு ஒலியே தேவைப்பட்டிருக்காது. நாலு பேர் காலைப் பிடித்து இழுத்து மீட்டார்கள். வேறு இடத்தில் ஷூட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மனுஷன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

மூலையில் நின்றிருந்த அப்பா மெல்லச் சொன்னார். "நான் போட்டுக்கட்டுமான்னு சின்னவன்கிட்ட கேளும்மா."

கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த சின்னவன், சுவரைப் பார்த்துச் சொன்னான். "போட்டுக்கச் சொல்லுக்கா."

தன்னை மனதில் வைத்துச் செய்த பூதத்துக்குள் தானே நுழைந்தார் அப்பா. அவருக்குத் தெரியுமா? தெரியாமல் என்ன, வசனம் பேசிப் பார்த்ததெல்லாம் அவர் காதுபடத்தானே. இருந்தும் காலை நுழைத்தார். பையனின் படம் நின்றுவிடக் கூடாது, அவருக்கு அதுதான் கணக்கு.

உள்ளே போனால் கண் தெரியாது. மூக்கு ஓட்டை வழியாகத் தன் பாதம் மட்டும் தெரியும். அதனால் அக்கா பூதத்தின் தலைக்குள், போன் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கேட்கிற ஒரு சின்ன இன்டர்காம் வைத்து, மைக்கோடு கூடிய ஹெட்போனைத் தான் மாட்டிக்கொண்டாள். "நான் பேசறது தானா கேட்கும்ப்பா. நீங்க பேசணும்னா மட்டும் கழுத்துக்கிட்ட இருக்கிற பட்டனை அமுக்குங்க." அப்பாவுக்கு இது புதிதல்ல. "கண்டக்டர் பின்னாலேர்ந்து சொல்ற மாதிரி சொல்லும்மா. நான் ஓட்டிக்கிறேன்," என்றார். அப்படியே நடந்தது. படம் பார்த்தவர்கள் உறைந்துபோன அந்த முதல் காட்சியில், இருட்டிலிருந்து பூதம் பின்பக்கமாக வருகிறதே, அப்போது அதன் காதில் ஓடியது இதுதான்: "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் வரலாம், போதும், போதும்!"

இதில் அக்கா ஒரு வேலை செய்துவைத்திருந்தாள். கழுத்து உறையை ஒட்டும்போது ரப்பர் பசை வழிந்து பட்டனுக்குள் இறங்கிவிட்டது. அமுங்கிய பட்டன் அமுங்கியே காய்ந்துவிட்டது. கார் சீட்டில் பட்டன் கிடையாதே, அவளுக்கு என்ன தெரியும்.

முதல் நாள் மதியம், விளக்கு மாற்றுவதற்காக எல்லோரும் காத்திருந்தபோது அவள் ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது.

"சின்னவன் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலடா பெரியவனே. கத்திக்கிட்டே இருக்கான். தொண்டை கட்டிக்கப் போகுது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூதத்தைப் பார்த்தாள். அது சுவரோரம் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. குரல் தொடர்ந்தது. உன் கட்டில் பக்கமிருந்து பீடி நாற்றம் வருகிறது, யாரோ உட்கார்ந்து பிடிக்கிறான், நான் எதுவும் சொல்ல முடியாதுடா, இது அவன் படம் என்றது. பிறகு பேச்சு நின்று, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அப்பா அழுதுகொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம், அத்தனை ஃபோமுக்கு நடுவிலிருந்து அவள் காதுக்கு மட்டும் வந்தது. யார் கண்ணிலும் படாமல் அழ அந்த மனுஷனுக்கு உலகத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அதையும் மகளே தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

லைட்மேன் அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னார். "சார், பூதத்தைப் பார்த்து அக்கா அழறாங்க!"

"பார்த்தீங்களா!" என்று டைரக்டர் பூரித்துப்போனான். "வொர்க் ஆகுது!"

பட்டனைச் சுரண்டி எடுக்க அவளுக்கு ஒரு பிளேடு போதும். எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். மூடினால் அவ்வளவும் மறுபடி உள்ளேயே போய்விடும். ஒட்டுக்கேட்பது பாவம் என்று தெரிந்தே தினமும் கேட்டாள். தினமும் அவர் பெரியவனிடம் சின்னவனைப் பற்றியே பேசினார். நன்றாக எடுக்கிறான் என்றார், இளைத்துவிட்டான் என்றார், ஒரே காட்சியை எதற்கு இத்தனை முறை எடுக்கிறான், ஜெனரேட்டருக்கு டீசல் என்ன சும்மாவா வருகிறது என்றார். தம்பியிடமாவது சொல்லலாம் என்று ஒரு நாள் அவனைத் தனியே இழுத்தாள்.

"டேய், அப்பா உள்ளே பேசறாருடா."

"பேசக் கூடாதுன்னு சொல்லு. தாடை ஆடுது."

"அழறாருடா!"

"அவரா? உள்ள அவ்வளவு சூடுக்கா. வேர்வையா இருக்கும்." அவன் மானிட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "உண்மையைச் சொல்லட்டுமா? அவர்கிட்ட உணர்ச்சியே வரல. வெறும் ரப்பரா நிக்கறார்."

நாலு அங்குல ஃபோமுக்குப் பின்னால் இருக்கிறவரின் முகத்தில் உணர்ச்சி இல்லை என்று கண்டுபிடித்த டைரக்டர் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனையும் சேர்த்துத் தைத்திருப்பாள்.

கடைசிக் காட்சி வந்தது. பெரியவனின் அறையில் கதாநாயகன் நிற்பான். பக்கத்துப் பாத்ரூமில் குழாய் சொட்டும். நடைவழியிலிருந்து பூதம் வரும். கதாநாயகன் வசனத்தைச் சொல்லித் திரைச்சீலைக் கம்பியால் அடிப்பான். பூதம் மண்டியிட்டுச் சரியும். இதற்காகத் தம்பியே, தொட்டி காலியாக இருந்த நேரம் பார்த்து, பாத்ரூமுக்குப் போய்க் குழாயைக் கழற்றி, வாஷரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறுமனே மாட்டிவிட்டான். தொட்டியில் தண்ணீர் ஏறியதும், இரண்டு வருஷமாகச் சொட்டாத குழாய் சொட்டத் தொடங்கியது. டொக். டொக். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"ஆக்‌ஷன்!"

"வரலாம்ப்பா, வரலாம்," என்றாள் அக்கா. பூதம் வந்தது.

கதாநாயகன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "அவன் உள்ளே கிடக்கான், நீ குழாயை முடுக்கிட்டு இருக்கே! உனக்கு அழவே தெரியாதா?"

பூதம் நின்றது. பிறகு அது திரும்பியது. கதாநாயகனை ஏறெடுத்தும் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போனது.

"கட்! எங்கே போறார்? அக்கா, திருப்பு அவரை!"

திருப்பினாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பூதம் வசனம் வரை வந்து, பாத்ரூமுக்குத் திரும்பியது. "நேரா வாங்கப்பா, நேரா," என்று அவள் கெஞ்சியது எடுபடவில்லை. சொந்த வீட்டில் அவருக்குக் கண்டக்டர் எதற்கு. மூன்றாவது முறையும் அதே கதை. கதாநாயகன் ஓங்கிய கம்பியோடு அசடு வழிய நின்றான். உள்ளே, ஏழடிப் பூதம் ஒரு வாளியை இடறிவிட்டு, முள் முதுகு சுவரில் உரச, இரண்டு ரப்பர் நகங்களால் குழாயைப் பிடித்துத் திருகப் பார்த்தது. நகம் வழுக்கியது. மறுபடி பிடித்தது. மறுபடி வழுக்கியது. நடைவழியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தம்பிக்குத் தலைக்கேறியது. பாத்ரூம் வாசலில் போய் நின்று கத்தினான். "அந்தக் குழாயை விடுங்கப்பா!"

கத்திய பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அதுவும் அன்றைக்குக் கத்திய அதே வார்த்தை. பூதம் எதையும் காதில் வாங்கவில்லை. அது திருகிக்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்து போனாள். ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த வாய். ஹெட்போனைக் கழற்றி, ஒரு பக்கத்தைத் தம்பியின் காதில் வைத்து அழுத்தி, மறுபக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டாள்.

"...இருடா கண்ணு, இருடா. அடைச்சிடறேன். ஒரு மாசமாச் சொன்னே, சொட்டுதுப்பா, தூக்கம் வரலப்பான்னு. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். வலியோட தூங்காமக் கிடந்தே. போனப்புறம் வந்து அடைச்சேன், பாவி. அன்னைலேர்ந்து நீ சத்தமில்லாமத் தூங்கறேன்னு நினைச்சிட்டிருந்தேன். திரும்பவும் சொட்டுதேடா... இந்தக் கை பிடிக்க மாட்டேங்குதே. கொஞ்சம் பொறுத்துக்கோ, அப்பா அடைச்சிடறேன்..."

தம்பிக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. அங்கே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அவன் துக்கத்தைப் பற்றி எழுதிய நூற்றுச் சொச்சம் பக்கத்திலும் இல்லாதது அவன் பையில் இருந்தது.

"அப்பா," என்றான் ஹெட்போன் மைக்கில். "அப்பா... வாஷர் என்கிட்ட இருக்குப்பா."

பூதத்தின் கை நின்றது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் பட்டனை அமுக்கலையே," என்றார் அப்பா.

"பசை ஒட்டிக்கிச்சுப்பா," என்றாள் அக்கா, தம்பியின் தாடையோடு தாடையை ஒட்டிக்கொண்டு. "முதல் நாள்லேர்ந்தே. நான்தான் சொல்லல."

"முதல் நாள்லேர்ந்தா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "நல்லா வேலை பார்த்தே, போ."

"அப்பா, எனக்குத் தெரியாதுப்பா," என்றான் தம்பி. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாஷரை எடுத்துக்கொண்டு குழாயருகே குனிந்தான். குழாயைத் திருகிக் கழற்றப் போனான்.

பூதம் அவன் கையைத் தட்டிவிட்டது. "டேய்! மெயினை மூடாமக் கழட்டுவியா? வீடெல்லாம் தண்ணி ஆகும். மேலே போய் மூடிட்டு வாடா முதல்ல!"

டைரக்டர் மொட்டைமாடிக்கு ஓடினான். படிக்கட்டில் இரண்டு முறை தடுக்கினான். கட் சொல்ல வேண்டியவன் தண்ணீர்த் தொட்டியருகே மெயின் வால்வைத் தேடிக்கொண்டிருந்ததால் கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேமராமேன் அக்காவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்ததும் அவரே அணைத்துவிட்டார். அக்கா அப்பாவின் முதுகு ஜிப்பை இறக்கி, முள்ளோடு கூடிய அந்தத் தலையைத் தூக்கி எடுத்து வாளியின் மேல் வைத்தாள். வேர்த்து, சிவந்து, கண்ணெல்லாம் வீங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது அவருக்கு. அவர் மறைக்கவில்லை. மேலேயிருந்து, "மூடிட்டேன்ப்பா, இப்பப் பாருங்க!" என்று சின்னவனின் குரல் வந்தது. "நின்னுடுச்சுடா, வா!" என்று அப்பா கழுத்தை நிமிர்த்திக் கத்தினார்.

நடுவில் யாரும் எதையும் சொல்லிக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. அக்கா ஹெட்போனைச் சுருட்டி வைத்தாள்.

லைட்மேன் பாத்ரூம் வாசலில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். "அக்கா, துக்கத்துக்கு டீ சொல்லட்டுமா?"

"அப்பாவுக்குச் சொல்லுங்க," என்றாள் அவள். "ஸ்ட்ரா வேண்டாம்."